மூணு கண்ணனுக்கு விழுந்த மூணு ஓட்டு

இந்த ஊரில் என் முன்னால் குனியாத தலை கிடையாது. பெருமைக்காகச் சொல்லவில்லை. தொழில் அப்படி. பத்தொன்பது வருஷமாகக் கடைத்தெருவில் சலூன் வைத்திருக்கிறேன். பேங்க் மேனேஜரோ, போலீஸ்காரரோ, யாராக இருந்தாலும் “கொஞ்சம் குனிங்க” என்று நான் சொன்னால் குனிந்துதான் ஆகவேண்டும். அப்பேர்ப்பட்ட நான், போன் வாங்கும் விஷயத்திலாவது என் வீட்டில் தலை நிமிர்ந்து நிற்பது என்று முடிவு செய்தேன்.

முடிவு என்றதும் ஒரு விளக்கம் சொல்லிவிட வேண்டும். எங்கள் குடும்பத்தில் முடி என் துறை. முடிவு என் மனைவியின் துறை. கல்யாணமான மறுநாளே பிரித்துக்கொண்டாயிற்று. பிரித்தவளும் அவள்தான்.

அவளும் என்னைப்போல் கத்தரி பிடித்த கைதான். வீட்டு முன்னறையில் தையல் மெஷின் போட்டிருக்கிறாள். சுற்றியுள்ள நாலு தெருப் பெண்களும் அவளிடம்தான் துணி கொடுப்பார்கள். அளவு, மாடல், “எப்பக்கா ரெடியாகும்?” என்ற விசாரணை, எல்லாம் போனில்தான். மத்தியானத்துக்குள் சார்ஜ் தீர்ந்துவிடும். பிறகு சுவரில் வயரைச் செருகி, அதன் நீளத்துக்கு மேல் நகர முடியாமல் உட்கார்ந்து தைப்பாள். அந்தப் போன் ஒருநாள் மெஷின் மேலிருந்து விழுந்து மண்டையைப் போட்டது.

அன்று சாயங்காலமே மூன்று கம்பெனி நோட்டீஸோடு வந்து உட்கார்ந்தேன். கம்பெனிப் பெயரைச் சொன்னால் விளம்பரமாகிவிடும். நாங்களே பெயர் வைத்துக்கொண்டோம். முதுகில் மூன்று கேமரா வைத்தவன் மூணு கண்ணன். பேட்டரி பெரிதாக உள்ளவன் தாங்குவான். அப்பளம்போல மெலிந்து மினுங்கியவன் பளபளா.

“ஏங்க, எனக்குத் தாங்குவான் போதும்” என்றாள்.

“அவசரப்படாதே. நாலையும் ஒப்பிட்டுப் பார்க்கணும்.”

“மூணுதானே இருக்கு?”

“ஒரு பேச்சுக்குச் சொன்னேன். சரி, கேமராவைப் பத்தி யோசிச்சியா?”

“நான் அளவு எடுக்கறவ. படம் எடுக்கறவ இல்ல. ரெண்டு நாள் சார்ஜ் நிக்குதா, அது போதும்.”

என் மனசில் இருந்தது வேறு. என் கலை முழுவதும் பின்மண்டையில் இருக்கிறது. அதைச் சுமந்துகொண்டு போகிறவரே அதைப் பார்த்ததில்லை. வெட்டி முடித்ததும் ஒரு படம் எடுத்து, பெரிதாக்கிக் கடை வாசலில் மாட்டினால்? அதற்கு மூணு கண்ணன்தான் சரி. வாங்குவது அவள் பெயரில். பகலில் கடைக்கு, ராத்திரி அவளுக்கு. இதுதான் திட்டம். இதை அவளிடம் சொல்ல எனக்கென்ன பைத்தியமா?

“இப்படிச் செய்வோம்” என்றேன். “நீயும் வேண்டாம், நானும் வேண்டாம். ஊர் சொல்லட்டும். ஒரு வாரம் கடைக்கு வர்றவங்க எல்லாரையும் கேட்கறேன். எதுக்கு அதிக ஓட்டோ, அதை வாங்குவோம்.”

ஊசியில் நூல் கோக்கிற நேரம் யோசித்தாள்.

“சரி. ஆனா வாயால கேட்காதீங்க. சீட்டு எழுதிப் பெட்டியில போடட்டும். எது நல்லதுன்னு வீட்ல கேட்டுட்டு வந்து எழுதச் சொல்லுங்க. ஞாயித்துக்கிழமை எண்ணிடலாம்.”

எங்கள் வீட்டில் ‘சரி’ என்ற சொல் இவ்வளவு சுலபமாக வந்து நான் கேட்டதில்லை. அப்போதே சுதாரித்திருக்க வேண்டும். நானோ, பெண்டாட்டியை மடக்கிவிட்டேன் என்ற நினைப்பில் இரண்டு வாய் கூடச் சாப்பிட்டேன்.

மறுநாள் காலியான பவுடர் டப்பாவில் ஓட்டை போட்டு ஓட்டுப்பெட்டி ஆக்கினேன். கண்ணாடியில் மூன்று நோட்டீஸையும் ஒட்டினேன். நடுவில் மூணு கண்ணன். மற்ற இருவரும் சோப்பு நுரை தெறிக்கிற ஓரங்களில்.

முதல் ஆளாக வந்தவர் பஸ் டிரைவர். முகத்தில் நுரை தடவி, தாடைக்குக் கீழே கத்தியை வைத்துக்கொண்டு பிரசாரத்தைத் தொடங்கினேன்.

“மனுஷனுக்கே கண்ணு ரெண்டுதான். இந்தப் போனுக்கு மூணு. அப்ப எது உசத்தி?”

“ம்.”

“ம்னா? மூணு கண்ணன்தானே?”

“ம்.”

கத்தி இருக்கிற இடத்தில் அதற்குமேல் பேச முடியாது. முகம் கழுவியதும், பரீட்சையில் பக்கத்துப் பெஞ்சுக்காரனிடமிருந்து மறைப்பதுபோலக் கையால் மறைத்துச் சீட்டு எழுதி, டப்பாவில் போட்டுவிட்டுப் போனார். கூச்ச சுபாவம் என்று நினைத்துக்கொண்டேன்.

புதன்கிழமைக்குள் கடையில் கூட்டம் நெரிந்தது. போன வாரம் வெட்டிக்கொண்டவர்கள் திரும்ப வந்தார்கள். வழுக்கைத் தலையர் ஒருவர் “ஓரத்தைச் சரி பண்ணுங்க” என்று உட்கார்ந்தார். எனக்கே ஓரத்தைத் தேடவேண்டியிருந்தது. எல்லோரிடமும் கேட்டேன். எல்லோரும் “ம்” என்றார்கள். நானும் ஒரு குடிமகன் என்ற முறையில் ஒரு சீட்டுப் போட்டேன். கடை முதலாளி என்ற முறையில் இன்னொன்று.

வீட்டில் மெஷின் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தது. “என்ன, இவ்வளவு வேலை?” என்று கேட்டால், “ஆர்டர் நிறைய” என்றாள். என் கடையிலும் கூட்டம், அவளிடமும் கூட்டம். குடும்பமே ஓகோ என்றிருக்கிறது என்று மார் நிமிர்த்திக்கொண்டேன்.

ஞாயிறு காலை, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரைக் கூப்பிட்டு நாற்காலியில் உட்கார வைத்தேன். கடை கொள்ளாத கூட்டம். மனைவி வாசலில் நின்றாள். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, வகுப்பில் பேர் கூப்பிடுவதுபோல ஆரம்பித்தார்.

“தாங்குவான். தாங்குவான். பளபளா. தாங்குவான். தாங்குவான்.”

முப்பது வரை பொறுத்தேன். “சார், ஒரே சீட்டைத் திரும்பத் திரும்பப் படிக்கறீங்களோ?”

அவர் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தார். நாற்பது வருஷம் பிள்ளைகளைப் பெஞ்சு மேல் ஏற்றிய பார்வை.

மொத்தம் அறுபத்து நாலு ஓட்டு. தாங்குவான் ஐம்பத்தெட்டு. பளபளா மூன்று. மூணு கண்ணன் மூன்று.

கூட்டம் கலைந்ததும் பஸ் டிரைவரைக் கடைக்குப் பின்னால் ஓரம் கட்டினேன்.

“என்னங்க இது? ‘ம்’னு சொன்னீங்களே.”

“அண்ணே, ‘ம்’னு சொன்னது உங்க கத்திக்கு. எழுதினது வீட்டுக்கு.”

“வீட்டுக்கா?”

“உங்க கத்தி மாசத்துல பத்து நிமிஷம் கழுத்துல இருக்கும். அதுக்கப்புறம் நான் வீட்டுக்குப் போகணும்ல? தாங்குவானுக்கு ஓட்டு விழுந்தா, தைக்கக் கொடுத்த துணியெல்லாம் சொன்ன தேதிக்குக் கிடைக்கும்னு அண்ணி விடியறதுக்குள்ள நாலு தெருவுக்கும் சொல்லிட்டாங்க. என் பெண்டாட்டி என்னை விடுவாளா?”

சொன்ன தேதிக்குத் துணி. உலகத்தில் எந்தத் தையற்கலைஞரும் கொடுக்கத் துணியாத வாக்கு.

“கொடுத்தாளா?”

“ஒரு நாள் முன்னாடியே கொடுத்துட்டாங்க. என் வீட்டுக்காரி நம்ப முடியாம ரெண்டு தடவை போட்டுப் பார்த்தா.”

கோபம்தான் வரவேண்டும். வரவில்லை. வாரம் முழுக்கக் கத்தியை வைத்துக்கொண்டு நான் வாங்க முடியாத ஊரை, ஒரு ஊசியை வைத்துக்கொண்டு வாங்கியிருக்கிறாள். இப்படி ஒருத்தி எத்தனை பேருக்கு வாய்ப்பாள்? அன்று சாயங்காலம் நானே கூடப் போய்த் தாங்குவானை வாங்கிக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகச் சுவரிலிருந்த வயரைப் பிடுங்கிச் சுருட்டி வைத்தாள். மெஷினை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். வெளிச்சத்தில் அவள் தைப்பதைப் பார்க்க எனக்கும் நன்றாகத்தான் இருந்தது.

ஆனாலும் ஆண்பிள்ளை. தோற்றாலும் ஒரு கௌரவம் வேண்டாமா? சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து அவள் முன்னால் நீட்டினேன். நாலாக, விளிம்பு பிசகாமல் மடித்த சீட்டு.

“மூணு கண்ணனுக்கு விழுந்தது மூணு ஓட்டு. அதுல ரெண்டு நான் போட்டது. ஒத்துக்கறேன். ஆனா இது நான் போட்டதில்ல. இத்தனை பேர்ல ஒருத்தன் இருக்கான் பாரு. பெண்டாட்டிக்குப் பயப்படல. சொன்ன தேதிக்குத் துணின்னு சொல்லியும் மயங்கல. எனக்காக நின்னிருக்கான். அவனை நினைச்சா எனக்குப் பெருமையா இருக்கு. அவன் யாருன்னு கண்டுபிடிச்சு, ஆயுசுக்கும் காசு வாங்காம முடி வெட்டப்போறேன்.”

அவள் மெஷினை நிறுத்தினாள். சீட்டை வாங்கிப் பிரித்துப் பார்த்தாள். மடிப்புப் பிசகாமல் திரும்ப மடித்து என் பையிலேயே வைத்தாள்.

“வெள்ளிக்கிழமை சாப்பாடு கொண்டுவந்தப்போ நான் போட்டதுங்க அது. பாவம், உங்களுக்கு ஒண்ணாவது விழட்டுமேன்னு.”