முன்னறைக்கு வந்த வெர்லீன்

சுப்பராயனை நம்பிராஜன் கடைசியாக உயிரோடு பார்த்தது தண்டலம் பஸ் நிறுத்தத்தில். சுற்றுவட்டாரக் கல்யாணங்களுக்கெல்லாம் மைக் செட் கட்டிய மனிதர். மடியில் பழைய ரிக்கார்டு பிளேயர். அதன்மேல் ஒரு குட்டி இசைத்தட்டு.

“மூர் மார்க்கெட்ல மூட்டையோட வந்துது நம்பி. யாரோ அமெரிக்காக்காரி. ஒருவாட்டி கல்யாணத்துல போட்டேன், பொண்ணு வூட்டுக்காரங்கல்லாம் ஓன்னு அழுதுட்டாங்க. அப்புறம் போடல. நீ வெச்சிக்க.”

“நான் இன்னா பண்றது?”

“கேளு. நானும் அப்பப்ப வந்து கேக்கறேன்.”

அந்த வாரமே சுப்பராயன் போய்ச் சேர்ந்தார். வந்து கேட்கிறேன் என்று சொன்னது மட்டும் போகாமல் நின்றது.

தட்டில் வெர்லீன் கோல்ஸ்பி என்று பெயர். சர்ச்சில் பாடிப் பழகி, சோல் என்னும் உருக்கமான அமெரிக்கப் பாட்டு வகைக்கு வந்த கறுப்பினப் பெண். போனில் தேடினால் இரண்டு வரி: ஒரே ஒரு தட்டு வெளியிட்டாள். பிறகு தகவல் இல்லை. படம்கூட இல்லை. கார் கம்பெனி பெயிண்ட் ஷாப்பில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வுபெற்ற நம்பிராஜனுக்கு அவளுடைய இங்கிலீஷில் புரிந்தது ஒன்றுதான். கதவைத் திற, நான் வாசலில்தான் நிற்கிறேன். அதை அவள் பாடவில்லை, நெஞ்சிலிருந்து பிடுங்கிப் போட்டாள். கேட்ட முதல் நாள் நம்பிராஜன் எழுந்துபோய் வாசல் கதவைத் திறந்தே பார்த்துவிட்டார். வெளியே வெயில் மட்டும் நின்றுகொண்டிருந்தது.

அப்படியாகப் பாட்டும் முன்னறையும் நாற்காலியுமாக அவர் ராஜ்ஜியம் நடத்திக்கொண்டிருந்தபோது, மனைவி கலைமதி வந்து நின்றாள்.

“முன்ரூமை கம்பெனிப் பசங்களுக்கு வாடகைக்கு வுடப்போறேன். வடக்குப்பட்டுல மாட்டுக்கொட்டாயக்கூட வுட்டுட்டாங்க.”

“அப்ப நான் எங்கமே போறது?”

“வூடு இவ்ளோ பெருசு கீது. எங்கனா குந்து.”

அறையை விடுவதில்லை என்று நம்பிராஜன் சபதம் எடுத்தார். நிமிடத்துக்கு நாற்பத்தைந்து சுற்று சுற்றவேண்டிய தட்டை முப்பத்து மூன்றில் சுற்றவிட்டால், வெர்லீன் ஆணாகிவிடுவாள். செத்த ஆண். பிளேயரைப் பரணில் ஒளித்து, ஊசியைத் தட்டின்மேல் வைத்து, சுவிட்சை வாசல்பக்கம் வைத்துக்கொண்டார். சுவிட்சைப் போட்டால், தட்டு மெதுவாக வேகம் பிடிக்கும்போது பரணிலிருந்து ஒரு முனகல் எழும்பும்.

அறை பார்க்க வந்த தெற்கத்திப் பையன்கள் இருவர் மேலே பார்த்தார்கள்.

“ஐயா, அங்கன யாரு?”

“எங்கேப்பா?”

“சத்தம் கேக்குதுல்லா?”

“உங்களுக்குமா கேக்குது?” என்றார் நம்பிராஜன், குரலைத் தாழ்த்தி.

பைகூட எடுக்காமல் ஓடினார்கள். அடுத்து வந்தவர்களும் நிற்கவில்லை. கலைமதி பரணை ஒருமுறை பார்த்தாள்.

“சுப்பராயண்ணன் வந்துட்டாரு போலகீது” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் மத்தியானம் கரண்ட் போனது. ஃபேன் நின்றது. நம்பிராஜன் நாற்காலியில் கண்ணயர்ந்திருந்தார். எங்கிருந்தோ ஒரு செருமல். “ஹலோ... ஹலோ...” என்று ஓர் ஆண்குரல், மைக்கைத் தட்டிப் பார்ப்பதுபோல. பிறகு சுவருக்குள்ளிருந்து வெர்லீன் பாடினாள். முனகல் இல்லை. சரியான வேகத்தில், முழுக்குரலில். கதவைத் திற, நான் வாசலில்தான் நிற்கிறேன்.

நாற்காலிமேல் ஏறிப் பரணை எட்டிப் பார்த்தார். தட்டு அசையவில்லை. பாட்டு நிற்கவில்லை.

சமையலறைக்கு அவர் ஓடிவந்தபோது கலைமதி புளி கரைத்துக்கொண்டிருந்தாள்.

“இன்னாங்க, இப்டி வேர்த்துக்கினு கீது?”

“ரூமை வுட்டுடு.”

“யாருக்கு?”

“யாருக்குனா! ஒருத்தன் வாணாம், மூணு பேரா வரச்சொல்லு!”

மூன்று பேர் வந்தார்கள். வெகுதூரத்திலிருந்து இல்லை, எதிர் டீக்கடையிலிருந்து. பெட்டி படுக்கையோடு காலையிலிருந்தே அங்கே உட்கார்ந்திருந்தார்களாம்.

நான்கைந்து நாள் கழித்துச் சமையலறைப் பக்கம் அதே குரல் கேட்டது. நம்பிராஜன் சுவரைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். கலைமதி கண்ணை மூடிக்கொண்டு, குக்கரைத் தேய்த்தபடி, வெர்லீனைப் பாடிக்கொண்டிருந்தாள். ஒரு எழுத்து பிசகவில்லை.

“ஏமே, உனக்குப் பாட வருமா?”

“நீ எப்பக் கேட்ட?”

“அன்னிக்குக் கரண்ட் போனப்ப பாடனதும் நீதானா?”

“பின்ன? நீ பசங்கள ஓட்டுவ, நான் பாத்துக்கினு இருக்கணுமா?”

அவருக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்.

“பாட்டுக்கூடப் பரவால்லமே. அதுக்கு மின்ன ஆம்பளக் குரல்ல செருமி ஹலோன்னியே, அதுலதான் எனக்கு உசுரே போயிடிச்சி.”

கலைமதியின் கை நின்றது.

“நான் பாட்டு மட்டும்தான் பாடனேன்.”

குழாய் சொட்டியது. அவள் சொல்வது மெய்யா, இன்னொரு ஆட்டமா என்று அந்த முகத்தில் ஒன்றும் எழுதியில்லை. முன்னறையில் நைட் ஷிஃப்ட் முடித்த பையன் தூங்கிக்கொண்டிருந்தான். திண்டாடி நின்ற நம்பிராஜன் சமையலறைத் தரையிலேயே, அவள் பக்கத்தில் குந்தினார்.

“தனியா குந்த பயமா கீதா?”

“இல்ல. சும்மாதான்.”

“சும்மா எதுக்கு?” என்று தேங்காய் நாரை அவர் கையில் கொடுத்துவிட்டு, கலைமதி எழுந்து பாட ஆரம்பித்தாள்.

அன்றிலிருந்து மத்தியானங்களில் அவர் தனியாக இருப்பதில்லை. பையன்கள் மூவருக்கும் மூன்று ஷிஃப்ட், மூவருக்கும் இந்த வீட்டுச் சாப்பாடு. தேய்க்க எப்போதும் பாத்திரம் மிச்சம் இருக்கிறது.