ஓரம் தைப்பவருக்கு ஒரு நாள் விடுப்பு

மனிதன் நெருப்பைக் கண்டுபிடித்ததற்குப் பிறகு மனித குலத்துக்குக் கிடைத்த ஆகப் பெரிய வரம் 'ஊக்கப் புள்ளித் திட்டம்'தான் என்பதில் அந்த மெத்தைக் கம்பெனியில் யாருக்கும் இரண்டாவது கருத்து கிடையாது. முதல் கருத்தைச் சொன்னாலே இரண்டு புள்ளி கழித்துவிடுவார்கள்.

திட்டத்தின் மேன்மை அதன் எளிமையில் இருந்தது. மாதப் பிறப்பன்று எல்லா ஊழியருக்கும் நூறு புள்ளி வழங்கப்படும். சும்மா, இனாமாக. அதற்குப் பிறகு ஊழியர் என்ன செய்தாலும் கழிக்கப்படும். தாமதமாக வந்தால் கழிவு, டீ குடிக்கப் போய் நேரம் கழித்துத் திரும்பினால் கழிவு, கொட்டாவி விட்டால் பெருங்கழிவு. "மெத்தை செய்யற இடத்துல கொட்டாவி விட்டா அது விளம்பரம் இல்லீங்களா?" என்று பஞ்சு அடைப்பவர் ஒருமுறை கேட்டார். கேள்வி கேட்டதற்கு நான்கு. நல்லது செய்தால் கூட்டுவதற்கு மட்டும் திட்டத்தில் இடம் வைக்கவில்லை. "நல்லது செய்யறது உங்க கடமை. கடமைக்கு எதுக்குப் புள்ளி?" என்று ஊக்க அதிகாரி விளக்கியபோது கூடமே கை தட்டியது. தட்டாதவர்களுக்கு இரண்டு.

ஊக்க அதிகாரி இளைஞர். யாரையும் திட்டியதே இல்லை. "வாங்க, ஒரு சின்னப் பேச்சு" என்று தோளில் கை போட்டு அறைக்குள் அழைத்துப் போவார். போனவர்கள், நாலு திட்டு வாங்கியிருந்தால் தேவலை என்கிற முகத்தோடு திரும்பி வருவார்கள்.

மெத்தையின் மூலையில் 'நிம்மதியான உறக்கம்' என்ற லேபிளைத் தைப்பவளை எல்லோரும் லேபிள் அக்கா என்பார்கள். அவள் கணவர் அதே கூடத்தில், அடுத்த வரிசையில், மெத்தைக்கு ஓரம் தைத்தவர். ஒரு மத்தியானம் அவர் தையல் மெஷின் மேல் தலையைச் சாய்த்தார். தூங்குகிறார் என்று நினைத்து மேஸ்திரி மூன்று புள்ளி கழித்தார். விஷயம் தெரிந்ததும் கம்பெனி பெருந்தன்மையோடு அந்த மூன்று புள்ளியையும் திருப்பிக் கொடுத்துவிட்டது.

எல்லாம் முடிந்து வேலைக்குத் திரும்பிய லேபிள் அக்காவுக்கு ஒன்றே ஒன்று தேவைப்பட்டது. கணவரின் லாக்கரில் ஒரு சாம்பல் நிற ஸ்வெட்டர் இருந்தது. வீட்டில் இருந்த அவருடைய துணிகளையெல்லாம், ஒத்தாசைக்கு வந்த நாத்தனார் பொறுப்பாகத் துவைத்து மடித்து வைத்துவிட்டாள். எதை முகத்தில் வைத்தாலும் சோப்பு மணம். அவர் மணம் மிச்சம் இருக்குமானால் அந்த ஸ்வெட்டரில்தான்.

லாக்கர் சாவிகள் ஸ்டோர்காரரிடம் இருந்தன.

"அவரு நேர்ல வந்து கேட்டாத்தான்மா திறக்க முடியும்."

"அவரு எப்படிண்ணே வருவாரு? நீங்கதானே தலைமாட்டைப் பிடிச்சுத் தூக்கினீங்க?"

"தூக்கினது தனிப்பட்ட முறையில. ஸ்டோர் பொறுப்பாளரா எனக்கு எதுவும் தெரியாது." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். "வேலையை விட்டவங்க லாக்கரை வீட்டாளுங்களுக்குத் திறந்து விடலாம். இல்ல, லீவுல போறவங்க காலி பண்ணிக் குடுக்கணும். இது ரெண்டுல அவரு எதுன்னு உள்ள கேட்டுட்டு வா."

ஊக்க அதிகாரி அவளை உட்காரச் சொன்னார். எழுந்து நின்று இரண்டு நிமிடம் வருந்தினார்.

"உங்க வீட்டுக்காரர் ராஜினாமா குடுக்கலையேம்மா."

"செத்துட்டாருங்க."

"அதுல எனக்கும் வருத்தம்தான். ஆனா குடுக்கல. பாதியில விட்டுட்டுப் போற ஆளா அவரு? என்ன விசுவாசம்!"

"அப்ப லீவுல இருக்காருன்னு வச்சுக்கலாங்களா?"

"லீவு நாங்க குடுக்கலையே. அவரா வரலை, அவ்வளவுதான்."

"வராததுக்குப் புள்ளி கழிச்சிருப்பீங்களே?"

அதிகாரியின் முகம் வாடிவிட்டது. "ஏன் வரலைன்னு அவர் நேர்ல வந்து விளக்கம் சொன்னப்புறம்தான்மா கழிப்போம். ஒரு வார்த்தை கேக்காம கழிக்கறதுக்கு நாங்க என்ன ராட்சசங்களா?"

அந்த அறையின் நாற்காலி அவளுக்குப் புதிது, அவருக்குப் புதிதல்ல. சாவதற்கு முந்தின வாரம் அவர் இதில்தான் உட்கார்ந்து, நெஞ்சு ஒரு மாதிரி பிசைகிறது, டாக்டரிடம் காட்ட ஒரு நாள் லீவு வேண்டும் என்று கேட்டார். புள்ளி ஐம்பதுக்குக் கீழே இருந்ததால் லீவுக்குப் பதில் ஒரு சின்னப் பேச்சு கிடைத்தது. வலி என்பது மனதில் இருக்கிறது என்றும், லீவு என்பது ஜெயிக்கிறவர் வாயில் வராத வார்த்தை என்றும். வீட்டுக்கு வந்து அதை அப்படியே நடித்துக் காட்டினார். "என்னமா பேசறான் தெரியுமா அந்தப் பையன்! வலியே கூச்சப்பட்டு எழுந்து போயிடுச்சு." இருவரும் சிரித்தார்கள். அன்று இரவு அவர் படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினார்.

அடுத்த மாதப் பிறப்பன்று அவர் பெயரிலும் வழக்கம்போல இனாம் நூறு விழுந்திருந்தது. அந்த மாதக் கடைசியில் பலகையில் புள்ளிகள் ஏறின. ஓரம் தைப்பவர் நூற்றுக்கு நூறு. அடுத்த இடத்தில், வெகு கீழே, துணி வெட்டும் பெண் நாற்பத்தொன்று.

"அக்கா, உயிரோட இருந்தவரைக்கும் உங்க வீட்டுக்காரர் அம்பதைத் தாண்டினதில்ல. இப்பப் பாருங்க!" என்றாள் துணி வெட்டுபவள்.

"இப்பத்தான் அவருக்கு வேலையில கவனம் வந்திருக்கு" என்றாள் லேபிள் அக்கா.

பலகையில் பிழை என்று யாராவது சொல்வார்கள் என எதிர்பார்த்தால், அது திட்டத்தைப் புரிந்துகொள்ளாதவர்களின் எதிர்பார்ப்பு. உடனடியாகப் பாராட்டுக் கூட்டம் ஏற்பாடாயிற்று. முதலாளியே வந்தார். ஊக்க அதிகாரி மைக்கைப் பிடித்தார்.

"ஒரு மாசமா இவரு டீக்குப் போகல. கொட்டாவி விடல. கேள்வி கேக்கல. மேஸ்திரி சொன்ன எதுக்கும் முகம் சுளிக்கல. இவரால முடியுதுன்னா உங்களால ஏன் முடியாது?"

கூடம் தலை குனிந்தது. பஞ்சு அடைப்பவர் மூச்சுவிடுவதைக் கொஞ்சம் குறைத்துப் பார்த்தார். முதலாளி நெகிழ்ந்துபோய் அதிகாரியின் காதருகே சாய்ந்தார். மைக் அதையும் வாங்கிக்கொண்டது.

"இந்த மாதிரி ஆளுங்க இன்னும் ஒரு பத்துப் பேர் வேணுமேப்பா."

"முயற்சி பண்ணிட்டுத்தான் இருக்கோம் சார்."

பரிசு அறிவிக்கப்பட்டது. மாதக் கடைசியில் ஐம்பதைத் தாண்டியவருக்கு என்று வைத்து, திட்டம் தொடங்கிய நாளிலிருந்து எவரும் எட்டாத பரிசு: ஒரு முழு நாள் விடுப்பு. பெற்றுக்கொள்ள மனைவி மேடைக்கு அழைக்கப்பட்டாள். போர்த்திய சால்வையைச் சரிசெய்துகொண்டு அவள் மைக்கைப் பார்த்தாள்.

"அப்ப அவரு இப்போ லீவுல இருக்காருங்களா?"

"இந்த நிமிஷத்துலேர்ந்தும்மா!" என்றார் அதிகாரி, உற்சாகமாக.

"லீவுல போறவங்க லாக்கரைக் காலி பண்ணணுங்களே."

அதிகாரி முதலாளியைப் பார்த்தார். முதலாளி கூரையைப் பார்த்தார். ஸ்டோர்காரர் யாரையும் பார்க்கவில்லை. விதி தன் பக்கம் வந்துவிட்ட மனிதனின் வேகத்தில் போய் லாக்கரைத் திறந்து, ஸ்வெட்டரை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தார்.

அவள் அதை முகத்தில் வைத்துக்கொண்டாள். மெஷின் எண்ணெயும் பஞ்சுத் தூசியும் வியர்வையும். இருந்தார். யாரும் கை தட்டவில்லை. அதற்குப் புள்ளி கழிக்க வேண்டும் என்பதை அதிகாரியே மறந்துவிட்டார்.

"இதே ஒரு நாளைத்தாங்க அவரும் கேட்டாரு" என்றாள் மைக்கில், குரலை உயர்த்தாமல். "நெஞ்சைக் காட்டிட்டு வந்துடறேன்னு. அப்ப அவருகிட்ட புள்ளி இல்ல."

ஸ்வெட்டரை மடித்து மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கி, தன் மெஷினுக்குப் போனாள். மூலைகள் காத்துக்கொண்டிருந்தன; நிம்மதியான உறக்கத்தைத் தைக்க ஆரம்பித்தாள்.

ஆகவே, அந்தக் கம்பெனி ஓர் ஊழியருக்கு விடுப்பை மறுத்தது என்று யாரும் பழி சொல்லிவிட முடியாது. அவர் அதற்கான தகுதியை அடையும்வரை பொறுமையாகக் காத்திருந்தது. அடைவதற்கு வேண்டிய எல்லா உதவியையும் செய்தது.