நம்ம பக்கம் ஓகே

கெட்டுப்போன சாமானைச் சரிசெய்ய வந்துவிட்டு, கெடாத சாமானைக் கழற்றிப் பரப்புகிற மனிதர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான் பிறந்திருக்கிறார். அவர் திண்டுக்கல்லில் டெலிபோன் மெக்கானிக்காக இருந்தார். உலகத்தில் இத்தனை பேர் இருக்க, அவரிடம் போய் மாட்டிக்கொண்டவன் நான்.

அவர் பெயர் எனக்கு அப்போதும் தெரியாது, இப்போதும் தெரியாது. ஊரே அவரை 'டெஸ்டிங்' என்றுதான் சொல்லும். ரிசீவரை எடுத்ததும் 'டெஸ்டிங், டெஸ்டிங்' என்பது அந்தத் தொழிலில் எல்லோருக்கும் உள்ள பழக்கம். இவருக்கு அது நாக்கிலேயே குடியேறிவிட்டது. டீயை வாயில் வைக்கும் முன் 'டெஸ்டிங்' என்பார். பெஞ்சில் உட்காரும் முன் அதை ஒரு தட்டுத் தட்டி 'டெஸ்டிங்' என்பார். ஒருமுறை பழனிக்குச் சேர்ந்து போயிருந்தோம். சன்னதியில் கைகூப்பி நின்றவர் முதலில் முணுமுணுத்தது அந்த வார்த்தையைத்தான்.

"என்னண்ணே, முருகன்கிட்டயுமா?" என்றேன்.

"கேக்குதா இல்லையான்னு தெரியாம வேண்டுதலச் சொல்லி என்ன தம்பி பிரயோசனம்?" என்றார்.

அறுபதுகளின் நடுவில் பேகம்பூர்ப் பக்கம் ஒரு தோல் கம்பெனியில் எனக்கு வேலை கிடைத்தது. முதலாளி ஒரு ராவுத்தர். நல்ல மனிதர், ஆனால் கோபம் மூக்குநுனியில் இருக்கும். எனக்கு இரண்டு வேலை. ஒன்று, ஆபீஸ் டெலிபோன் போர்டில் உட்கார்ந்து, வெளியிலிருந்து வரும் போனை முதலாளி அறைக்குத் தள்ளி மணி அடிக்க வைப்பது. இன்னொன்று டெலிபிரிண்டர். மதராஸ் ஆபீசில் ஒருவர் டைப் அடித்தால், அந்த எழுத்துகள் டெலிபோன் கம்பியில் ஏறி, மதுரை வழியாக வந்து, எங்கள் மெஷினில் தானாகவே அடித்துக்கொள்ளும். கப்பலுக்கு எத்தனை ஆட்டுத்தோல், எத்தனை மாட்டுத்தோல் என்று எல்லா உத்தரவும் அதில்தான் வரும்.

அந்த மெஷினை நம்பித்தான் ஆத்தூரில் எனக்குப் பெண் பேசி முடித்திருந்தார்கள். இல்லாவிட்டால் அகரத்தில் கத்தரித் தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்த எனக்கு யார் பெண் கொடுப்பார்கள்? மாமனாராகப் போகிறவர் ஆபீசுக்கே வந்து மெஷினைப் பார்த்தார். யாரும் தொடாமலே அது கடகடவென்று அடிப்பதை வெகுநேரம் நின்று கவனித்தார்.

"அதுவா அடிக்கிது. அப்ப மாப்பிள்ளைக்கு இங்க என்ன சோலி?" என்று கேட்டார். 

எங்கள் லைனுக்கு மெக்கானிக் டெஸ்டிங். மெஷினில் நாடா மாட்டிக்கொண்டது என்று கூப்பிட்டால், மெஷின் பக்கமே திரும்பமாட்டார். நேராக முதலாளி அறைக்குப் போய், நன்றாக வேலை செய்துகொண்டிருக்கும் அவர் போனைக் கழற்றுவார்.

"அண்ணே, கெட்டது அங்க இருக்குண்ணே!"

"கெட்டது எங்க தம்பி ஓடிப்போகப் போகுது? நல்லா இருக்குறதத்தான் மொதல்ல பாக்கணும். அதான் நாளைக்குக் கெடும்."

அவர் வாக்கு பொய்த்ததே இல்லை. அவர் தொட்டது மறுநாள் கெட்டுவிடும். வேலை முடிந்ததும் ஸ்குரூ டிரைவரைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு ஒரே தீர்ப்புத்தான் சொல்வார்: "நம்ம பக்கம் ஓகே. கோளாறு மதுரையில." எக்ஸ்டென்ஷன் போனின் வயரை எலி கடித்திருந்தபோதும் இதைத்தான் சொன்னார். மதுரை எலி இவ்வளவு தூரம் நடந்து வந்ததா என்று கேட்டேன். யோசித்துப் பார்த்துவிட்டு, "வந்திருக்கும்" என்றார்.

இப்படி அவர் ஒருநாள் முதலாளி போனை நோண்டிவிட்டுப் போன பிறகு, மெஷினுக்கு ஒரு விசித்திரமான வியாதி வந்தது. முதலாளி ஆபீசில் இருந்தால் உளறும். அவர் சாப்பிடப் போய்விட்டால் முத்து முத்தாக அடிக்கும். எண் வரவேண்டிய இடத்தில் எழுத்து வரும், எழுத்து வரவேண்டிய இடத்தில் வாயில் நுழையாத ஏதோ வரும். மெஷினுக்குக்கூட முதலாளி என்றால் பயம் என்று ஆபீசில் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் ஒழுங்காக அடித்ததை முதலாளி ஒருநாளும் பார்த்ததில்லை, உளறியதை மட்டுமே பார்த்தார். ஒரு வெள்ளிக்கிழமை காலையில் அவருக்குப் பொறுமை போய்விட்டது.

"இந்தா பாரு தம்பி, இன்னிக்கு மதராஸ்லேருந்து கப்பல் ஆர்டர் வருது. நான் ஜும்மா தொழுதுட்டு வாரேன். வந்து பாக்கயில இது ஒழுங்கா அடிக்கணும். இல்லேன்னா மெஷினத் தூக்கி மதராஸுக்கு அனுப்பிட்டு, பழையபடி தந்தி குடுத்துக்கிறேன். மெஷின் போனா நீயும் போயிர வேண்டியதுதான்."

அவர் தலை மறைந்ததும் டெஸ்டிங்கைக் கூப்பிட்டு அனுப்பினேன். வந்தார். ஆச்சரியமாக அன்று மெஷினையே முதலில் பார்த்தார். அதைக் கம்பியிலிருந்து பிரித்துத் தனியாக அடித்துப் பார்த்தார். சரியாக அடித்தது. "நம்ம பக்கம் ஓகே" என்றார்.

"அப்ப மதுரையக் கூப்பிட்டுக் கேளுங்கண்ணே."

"நீங்களே கேளுங்க" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

விஷயம் இதுதான். மதுரை முனையில் லைனைச் சோதிக்கிற மெக்கானிக் இவருடைய சொந்த மச்சான், பெண்டாட்டியின் அண்ணன். இருவருக்கும் பல வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. இவருடைய மூத்த மகளுக்குக் காதுகுத்து வைத்தபோது, மடியில் வைத்துக்கொள்ள வேண்டிய தாய்மாமன் நேரத்துக்கு வரவில்லை. நல்ல நேரம் போகிறதென்று ஒன்றுவிட்ட மாமன் ஒருவர் மடியில் உட்கார வைத்துக் குத்திவிட்டார்கள். பந்தி நடக்கும்போது சீர்த்தட்டோடு வந்து இறங்கிய மச்சான், "ஏன், என் மடியில என்ன முள்ளா மொளைச்சிருக்கு?" என்று தட்டை வைத்துவிட்டு, கை நனைக்காமல் திரும்பிப் போய்விட்டார். அன்றோடு சரி.

ஒரு கம்பிக்கு இரண்டு முனை. இரண்டு முனையிலும் ஆள் பேசினால்தான் கோளாறு எங்கே என்று தெரியும். எங்கள் கம்பியின் இரண்டு முனையிலும் பேசாத மச்சானும் மாப்பிள்ளையும்! நடுவில் நான், கழுத்துக்குக் கத்தி வந்தவன்.

மதுரைக்கு லைன் போட்டேன். "அந்த ஆளுகிட்டச் சொல்லுங்க தம்பி, நாம அடிக்கிறத அங்கேருந்து அப்படியே நமக்குத் திருப்பி விடணும்னு" என்றார் டெஸ்டிங், ஜன்னலைப் பார்த்து. சொன்னேன். "அந்தப் பெரிய மனுசன்ட்டச் சொல்லுங்க, அதெல்லாம் எங்களுக்கும் தெரியும்னு" என்றார் மச்சான். மெஷினில் அடித்தேன். மதுரை வரை போய், சுத்தமாகத் திரும்பி வந்தது. ஆக மெஷின் ஓகே, கம்பி ஓகே, மதுரை ஓகே. கோளாறுள்ளவன் நான் ஒருவன்தான் என்று ஆயிற்று.

"கோளாறு மதுரையில" என்றார் டெஸ்டிங்.

"கோளாறு திண்டுக்கல்ல" என்றார் மச்சான்.

எனக்கு வந்ததே ஆத்திரம்! "நீங்க ரெண்டு பேரும் நல்லா இருங்கய்யா! நான் போய்க் கத்தரிக்காய்க்குத் தண்ணி கட்டுறேன்" என்று போனிலேயே கத்தினேன். அதற்குள் டெஸ்டிங்கைக் காணோம். சும்மா இருப்பானேன் என்று முதலாளி அறைக்குப் போய், நல்ல போனைக் கழற்ற ஆரம்பித்திருந்தார்.

மச்சானுக்கு என்மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும். "தம்பி, கோவப்படாதீங்க. எப்பப்ப உளறுது?" என்று கேட்டார்.

"எங்க முதலாளி இருந்தா உளறுதுங்க."

"அவரு இருந்தா என்ன நடக்கும்? போன் வருமா?"

"வந்துக்கிட்டே இருக்கும்."

"அப்படியா சேதி. நான் இங்கேருந்து உங்க மெஷினுக்கு அடிக்கிறேன். அடிச்சுக்கிட்டு இருக்கயில, இந்தப் போன உங்க முதலாளி ரூமுக்குத் தள்ளி மணி அடிங்க."

மெஷின் அழகாக அடிக்க ஆரம்பித்தது. போர்டில் சுவிட்சைத் தள்ளினேன். உள்ளே மணி அடித்தது. அவ்வளவுதான், மெஷினுக்குச் சாமி வந்துவிட்டது. காகிதம் முழுக்க உளறல். மணி நின்றது, உளறலும் நின்றது. முதலாளியைக் கண்டு பயந்தது மெஷின் இல்லை. அவர் போனுக்குப் போகிற மின்சாரம் மெஷின் கம்பியில் பாய்ந்துகொண்டிருந்தது. தினம் நானே மணி அடித்து நானே கெடுத்திருக்கிறேன். கிலி பிடித்தவனுக்கு எதுதான் கண்ணில் படும்?

துள்ளிக் குதிக்க இருந்தவன் அப்படியே நின்றேன். ஏனென்றால் மணி தானாக நிற்கவில்லை. மணி அடித்தால் எடுத்துத்தானே பழக்கம், உள்ளே டெஸ்டிங் போனை எடுத்துவிட்டார்.

"டெஸ்டிங், டெஸ்டிங்."

"ஓகே. கிளியரா இருக்கு" என்றது மதுரை. அதுவும் பழக்க தோஷம்தான்.

பிறகுதான் இருவருக்கும் யார் குரல் என்று உறைத்தது. போர்டில் என் காதில் இரண்டு பேரின் மூச்சும் கேட்டது. யாரும் வைக்கவில்லை.

"அன்னிக்கு ஏன் மச்சான் வரல?" என்றார் டெஸ்டிங், கடைசியில்.

"பஸ்ஸு பாதியில நின்னு போச்சு மாப்ள. வழியில ஒரு கடையிலேருந்து போன் போட்டேன், செத்த பொறுங்க வந்துர்றேன்னு சொல்ல. திண்டுக்கல் லைன் டெட். எம்புட்டு நேரம் போட்டுப் பாத்தேன் தெரியுமா?"

 டெஸ்டிங்கின் குரல் கரகரத்தது. "அந்த லைன் காலையிலேயே அந்துபோச்சு மச்சான். காதுகுத்து முடியட்டும், நாளைக்குப் பாத்துக்கலாம்னு நாந்தான் அப்படியே விட்டுட்டு வந்தேன்."

அதன்பின் ஒரே அழுகை. "ரெண்டாவதுக்கு இன்னும் குத்தல மச்சான். பள்ளிக்கொடத்துல சேத்தாச்சு, மூளிக் காதோட போகுது. உங்க மடி இல்லாம எப்படிக் குத்துவேன்?" என்று இவர் அழ, மதுரையில் அவர் அழுதார். என் கண் வாசலில் இருந்தது. ஜும்மா முடிந்து ஆட்கள் தெருவில் வர ஆரம்பித்துவிட்டார்கள். "அண்ணே, அழுதது போதும்ணே, அந்தப் போனுக்கு மணி அடிச்சாத்தான் மெஷின் உளறுது, வயரப் பாருங்கண்ணே!" என்று கெஞ்சினேன். இரண்டு பேர் காதிலும் விழுந்ததாகத் தெரியவில்லை.

முதலாளி வந்தார். மேஜைமேல் ஸ்குரூக்கள், தரையெல்லாம் வயர், அவர் நாற்காலியில் உட்கார்ந்து அவர் போனில் ஒரு மெக்கானிக் தேம்பிக்கொண்டிருக்கிறார்.

"யாருப்பா மௌத்து?" என்றார் பதறி. யாரும் சாகவில்லை என்று தெரிந்ததும், மெஷினிலிருந்து தொங்கிய உளறல் காகிதத்தைப் பார்த்தார். கோபம் திரும்பிவிட்டது. என்னைப் பார்த்து, "தம்பி, நீ நாளையிலேருந்து வர வேணாம்" என்றார்.

 டெஸ்டிங் எழுந்தார். ரிசீவரை மேஜைமேல் வைத்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"முதலாளி, தம்பி மேல ஒரு குத்தமும் இல்ல. கோளாறு நம்ம பக்கந்தான். போன தடவ நான் உங்க போன நோண்டுனப்ப, உங்க வயரையும் மெஷின் வயரையும் ஒரே பெட்டிக்குள்ள நெருக்கி வச்சுட்டேன். மேல்தோல் உரிஞ்சு, ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கெடக்கும். உங்களுக்கு மணி அடிச்சா அதுக்கு வலிக்கிது. நான் செஞ்ச தப்பு. தம்பிய வையாதீக."

மேஜைமேல் கிடந்த ரிசீவருக்குள்ளிருந்து, "என்னது, என்னது? மாப்ள, திருப்பிச் சொல்லுங்க! மதுரைன்னு சொல்லலையா?" என்று மச்சான் கத்துவது கேட்டது.

அந்த மனிதர் வாயிலிருந்து அப்படியொரு வாக்கியம் வரவே வராது என்று திண்டுக்கல்லில் யாராவது பந்தயம் கட்டியிருந்தால் தோற்றிருப்பார்கள். எனக்காக அல்லவா சொன்னார்.  டெஸ்டிங் பெட்டியைத் திறந்து, இரண்டு வயரையும் பிரித்து, தனித்தனியாகத் துணிநாடா சுற்றினார். முதலாளி போனைத் திரும்ப மாட்டினார். மதராஸிலிருந்து கப்பல் ஆர்டர் வர ஆரம்பித்தது. நான் முதலாளி போனுக்கு விடாமல் மணி அடித்தேன். மெஷின் அதைச் சட்டை செய்யாமல் அடித்து முடித்தது. முதலாளி காகிதத்தைக் கிழித்து எடுத்து, கண்ணருகில் பிடித்துப் பார்த்தார்.

"எண்ணு எண்ணாத்தான் வந்திருக்கு. சரி, காலையில நேரத்தோட வா" என்றார். என் கல்யாணம் பிழைத்தது. முதலாளி போன் மறுநாள் ஊமையாகிவிட்டது, அது வேறு விஷயம்.

அடுத்த முகூர்த்தத்தில் சின்ன மகளுக்குக் காதுகுத்து. மச்சான் முந்தின நாளே வந்து இறங்கிவிட்டார். விடிந்ததிலிருந்து மடியை விரித்துக்கொண்டு, காப்பி குடிக்கக்கூட எழாமல் உட்கார்ந்திருந்தார். மாமன்மார் வரிசையில் என்னையும் நிற்க வைத்துச் சந்தனம் பூசினார்கள்.

பிறகு டெஸ்டிங்குக்கு மதுரைக்கு மாற்றலாயிற்று. அவருக்குப் பின் எத்தனையோ மெக்கானிக்குகள் வந்தார்கள். நல்ல பிள்ளைகள். கெட்டதை மட்டும் தொட்டார்கள், சட்டென்று சரிசெய்தார்கள், போய்விட்டார்கள். அவர்களில் ஒருவரைக்கூட, "செத்த நேரம் இருந்துட்டுப் போங்களேன்" என்று சொல்ல எனக்குத் தோன்றியதில்லை.