ஆபத்து மாசியோடு முடிந்தது

வெளிநாட்டில் வாழ்கிறவனுக்கு, மொழி தெரியாது என்று ஒப்புக்கொள்ளும் பக்குவம் லேசில் வருவதில்லை. எனக்கு அது இருபத்தொன்பதாவது வயதில், ஒரு மலையிடுக்கில், மீன்குழம்பு ஊறிய சட்டையோடு வந்தது.

அப்போது பலெர்மோவுக்கு வந்து மூன்று வருடம். ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு கடலுணவுக் கடையில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரிந்த இத்தாலியன் பதினாறு மீன்களின் பெயரும், 'கெதியாக, சீக்கிரமாகச் செய்' என்பதைச் சமையற்காரர் சொல்லும் ஏழு விதமும்தான். ஆனால் ஞாயிறு பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நிற்கும்போது, இத்தாலியன் எனக்குத் தண்ணி பட்ட பாடு என்று சொல்லிவைத்திருந்தேன். (அந்த வாசலில் அப்படிச் சொல்லாத ஆண்பிள்ளையே கிடையாது.)

அந்தப் பேச்சு செபமாலை என்பவரின் காதில் விழுந்தது. மன்னாரைச் சேர்ந்தவர், சியாகுல்லியில் மந்தரின் ஆரஞ்சுத் தோட்டமொன்றில் வேலை. ஒரே மகள் ஜெசிந்தாவுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார். காணி, நகை என்று எதையும் அவர் விசாரிக்கவில்லை. மருமகனுக்கு இத்தாலியன் வாசிக்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். ஒருமுறை குவெஸ்தூரா என்கிற பொலிஸ் தலைமையகத்திலிருந்து வந்த கடிதத்தில் திகதியைப் பிழையாக விளங்கி, ஒரு நாள் பிந்திப் போய், பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதிக்காக மறுபடி முதலிலிருந்து காத்துக் கிடந்தவர். அதிலிருந்து தபால்பெட்டியைத் திறக்கவே அவருக்குப் பயம்.

நானோ ஜெசிந்தாவைக் கோயில் பாடகர் குழுவில் பார்த்து எட்டு மாதமாக உறக்கம் கெட்டிருந்தேன். அவள் இந்தப் பக்கம் திரும்பினால் எனக்குப் பூசையில் நன்மை அப்பம் வாங்கப் போகும் வரிசையே மறந்துவிடும். ஆகவே, கடிதமென்ன, சட்டப் புத்தகமே வாசிப்பேன் என்று சொல்லியனுப்பினேன்.

பெல்லெக்ரினோ மலைக் குகைக் கோயிலில் இருக்கும் புனிதை சாந்த ரொசாலியாவிடம் போய் மன்றாடிவிட்டு முடிவெடுப்போம் என்றார் செபமாலை மாமா. (மனதுக்குள் அவர் எனக்கு அப்போதே மாமாதான்.) ஓர் ஒக்டோபர் ஞாயிற்றுக்கிழமை மூவரும் புறப்பட்டோம். எல்லோரும் ஏறுகிற கல் பாவிய பாதை ஒன்று இருக்கிறது. நான் என் கெட்டித்தனத்தைக் காட்ட வேண்டாமா? எனக்குக் குறுக்குவழி தெரியும் என்று பள்ளத்தாக்குப் பாதைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அதன் இத்தாலியப் பெயருக்குப் பன்றிப் பள்ளம் என்று அர்த்தம். அன்று முழுவதும் நான் சரியாக மொழிபெயர்த்திருக்கக்கூடிய பெயர் அது ஒன்றுதான். அதை மட்டும் நான் வாய் திறந்து சொல்லவில்லை.

கோடை முழுக்கக் காய்ந்து கிடந்த இடுக்கில் நாலு நாளுக்கு முன்புதான் முதல் மழை பெய்திருந்தது. இரண்டு பக்கமும் வெளிறிய பாறைச் சுவர், நடுவே தண்ணீரில்லாத ஓடை, ஓரமெல்லாம் சப்பாத்திக் கள்ளி. பாதை தொடங்குமிடத்தில் ஒரு மஞ்சள் பலகை நின்றது. படம் இருக்க வேண்டிய இடத்தில் யாரோ காற்பந்து ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்கள். அதற்குக் கீழே மூன்று சொற்கள்: பெரிக்கோலோ கதூத்தா மாஸ்ஸி.

"தம்பி, என்ன போட்டிருக்கு?" என்றார் மாமா.

பெரிக்கோலோ என்றால் ஆபத்து. மின்சாரப் பெட்டிகளில் பார்த்திருக்கிறேன். கதூத்தாவைப் பார்த்ததும் எனக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. பெர்மெஸ்ஸோ காலாவதியானால் 'ஸ்கதூத்தோ' என்பார்கள். அந்தச் சொல் தெரியாத தமிழன் பலெர்மோவில் இல்லை. முன்னால் ஓர் எழுத்து மழையில் அழிந்திருக்கும் என்று வைத்துக்கொண்டேன். மிச்சமிருந்தது மாஸ்ஸி. அதாவது மாசி.

"ஆபத்து மாசியோடை முடிஞ்சுது எண்டு போட்டிருக்கு மாமா."

இவர்களிடமும் மாசி இருக்கிறதா என்று மாமா ஆச்சரியப்பட்டார். போர்த்துக்கேயர் மூலம் மேசையும் அலுமாரியும் எங்களிடம் வந்ததுபோல, மாசி எங்களிடமிருந்து இந்தப் பக்கம் வந்திருக்கும் என்று விளக்கம் வேறு கொடுத்தேன். ஜெசிந்தா பலகையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். பழைய பாதையால் போவோமே என்று மெல்லச் சொன்னாள். தம்பிதான் வாசித்துவிட்டாரே என்று மாமா முன்னால் நடந்துவிட்டார். (அவள் மாலைப் பள்ளியில் இத்தாலியன் படிக்கிறாள் என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை.)

அரை மணி நேரம் ஏறி, நிழல் கண்ட இடத்தில் சோற்றுப் பார்சல்களைப் பிரித்தோம். ஜெசிந்தா தண்ணீர்ப் போத்தலை எடுக்கப் பின்னால் திரும்பினாள். மேலே கலகலவென்று சத்தம். முதலில் சின்னக் கற்கள், பிறகு தேங்காயளவில் ஒரு கல், சற்றுமுன் அவள் கை இருந்த பார்சல் மேலேயே வந்து விழுந்தது. மீன்குழம்பு முழுவதும் என் வெள்ளைச் சட்டைக்கு வந்துவிட்டது. மூவரும் ஓடிப்போய்ப் பாறைக்கடியில் ஒட்டிக்கொண்டோம்.

கீழே ஊன்றுகோலோடு வந்துகொண்டிருந்த ஓர் இத்தாலியக் கிழவர் எங்களைப் பார்த்துக் கத்தினார். என்ன சொல்கிறார் என்று மாமா கேட்டார். சுகம் விசாரிக்கிறார் என்றேன்.

"அப்பா, கல் விழும், கவனம் எண்டுதான் பலகையிலை கிடக்காம்," என்றாள் ஜெசிந்தா. "வாசிக்கத் தெரியாதோ எண்டு கேக்கிறார்."

அப்போதும் ஒரு பொய் கைவசம் இருந்தது. போர்த்துக்கேயர் எங்கும் போய்விடவில்லை. ஆனால் நசுங்கிய அந்தப் பார்சல் கண்முன்னால் கிடந்தது. அவள் திரும்பாமல் இருந்திருந்தால் என்ற நினைப்பு இன்றைக்கும் என்னை விட்டுப் போகவில்லை.

"எனக்கு வாசிக்கத் தெரியாது மாமா. மீன் பேர் மட்டுந்தான் தெரியும்."

மாமா திரும்பி இறங்கினார். நான் பின்னால் குழம்பு வாசத்தோடு இறங்கினேன். எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன். பலகையடியில் அவர் நின்று, இனிக் கடிதங்களை ஆர் வாசிக்கிறது என்று மலையைப் பார்த்துக் கேட்டார்.

"நான் வாசிக்கிறன் அப்பா. இவர் வாசிக்காமல் இருந்தாப் போதும்."

அது சம்மதம் என்பது எனக்கு பஸ் தரிப்பிடம் வந்த பிறகே விளங்கியது. மாமாவுக்கு அதற்கு முன்பே விளங்கிவிட்டது.

"கலியாணத்தை மாசியிலை வைப்பம்," என்றார். "அதோடை ஆபத்து முடியும் எண்டு நீர்தானே சொன்னனீர்."

அப்படியே, தவக்காலத்துக்கு முன் கிடைத்த ஒரு மாசிச் சனிக்கிழமையில் எங்கள் கலியாணம் நடந்தது.

பதினொரு வருடமாகிறது. எந்தப் பருவமென்றாலும் அந்தப் பள்ளத்தாக்குக்குப் போகிறோம். இளவேனிலில் காட்டுப் பெருஞ்சீரகம் மணக்கும். கோடையில் பாறை தோசைக்கல்லாகிவிடும், வாசலோடு திரும்பிவிடுவோம். மழை பெய்த வாரமென்றால் ஒழுங்காகப் பழைய பாதைதான். ஆனால் பலகையைக் கும்பிடாத குறையாக ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் போவோம், நான் அதை வாசித்தும் காட்ட வேண்டும். வீட்டில் தயிர் திகதி முடிந்து புளித்தால்கூட 'மாசியோ?' என்றுதான் கேட்பார்கள். கடிதம் எதையும் என் கையில் தருவதில்லை.

போன மாசியில், கலியாண நாளன்று, எட்டு வயது மகள் ரொசாலியா பலகைக்கு முன்னால் நின்று தன் இத்தாலிய ராகத் தமிழில் கேட்டாள்: "பப்பா, அந்த ஆபத்து எந்த மாசியோடை முடிஞ்சது?"

நான் கணக்குப் பார்ப்பதற்குள் ஜெசிந்தா முந்திக்கொண்டாள்.

"முடியேல்லைப் பிள்ளை. அப்பாவுக்கு அது மாசியிலைதான் தொடங்கினது."

கூட வந்திருந்த மாமா மலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்த மொழிபெயர்ப்பில் மட்டும் என்னால் ஒரு பிழையும் பிடிக்க முடியவில்லை.