டொக் டொக் சிஞ்ஞோரா

தொண்ணூறுகளில் இத்தாலியின் பலேர்மோ நகரத்தில் டொக் டொக் சிஞ்ஞோராவின் நடுவிரலுக்குத் தப்பிய பொருள் என்று ஒன்றுகூட இருந்திருக்காது. பானை, பூச்சாடி, வத்தகப்பழம், பக்கத்து வீட்டுக் கதவு, மாதா கோவில் தூண், பஸ் சாரதியின் முதுகு எல்லாவற்றையும் தட்டுவார். தட்டிவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்பார். பிறகு தீர்ப்புச் சொல்வார். அந்தத் தீர்ப்பு பிழையாகப் போனதை நான் கண்டதில்லை.

அவருக்கு நல்லதொரு பெயர் இருந்தது. கபோ சந்தைப் பக்கம் அறை எடுத்திருந்த தமிழர்கள் யாருக்கும் அது தெரியாது. எங்களுக்கு அவர் டொக் டொக் சிஞ்ஞோரா, அதாவது டொக் டொக் அம்மா. அவர் பேசியது சிசிலிக்காரரின் இத்தாலியன். அது என் காதில் எப்படி விழுந்ததோ அப்படியே எங்கள் பேச்சில் எழுதுகிறேன்.

சந்தையில் அவர் வத்தகப்பழம் வாங்குவது ஒரு திருவிழா. பதினொரு பழத்தைத் தட்டி, பதினொன்றையும் தள்ளிவைப்பார்.

"சிஞ்ஞோரா, அது பழம், கதவில்லை!" என்று பழக்காரன் கத்துவான்.

"கதவெண்டால் இவ்வளவு நேரத்துக்குத் திறந்திருக்கும். இது இன்னும் பழுக்கேல்லை."

பழக்காரன் திட்டுவானே தவிர அவரைத் துரத்தமாட்டான். அவர் தட்டிச் சரி சொன்ன பழத்தை வாங்குவதற்கென்றே பின்னால் நாலு பேர் நிற்பார்கள்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, மூன்று நாடுகளில் கோப்பை கழுவி, லொறிக்குள் வெங்காய மூட்டைகளோடு படுத்து நான் பலேர்மோ வந்து சேர்ந்தபோது எனக்கு முப்பத்தாறு வயது. காலையில் ஒரேத்தோத் தெருவில் மாடிப்படி கழுவுவேன். பின்னேரம் சிஞ்ஞோராவின் மட்பாண்டப் பட்டறையைக் கூட்டுவேன். அவருக்கு என்னைவிட நாலு வயதுதான் கூட.

முதல் நாளே என் முதுகைத் தட்டினார். "உள்ளுக்கை தண்ணி நிக்குது. டொக்டரிட்டைப் போ" என்றார். நான் சிரித்தேன். டொக்டர் சிரிக்கவில்லை. நெஞ்சில் நீர் கட்டி, பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். திரும்பி வந்ததும் மறுபடி தட்டினார். "இப்ப சரி. விளக்குமாறு அங்கை இருக்கு."

கூட்டிக்கொண்டிருந்தவன் எப்படியோ மண்ணில் கை வைத்துவிட்டேன். முதலில் மண் பிசைய விட்டார். ரொட்டிக்கு மாப் பிசைந்த அனுபவத்தில் நானும் உருட்டி உருட்டிப் பிசைந்தேன். அவர் கம்பியால் அந்தக் கட்டியை நடுவில் வெட்டிக் காட்டினார். உள்ளே முழுக்க ஓட்டை.

"இது என்ன?"

"மண், சிஞ்ஞோரா."

"சீஸ். காத்தை உள்ளுக்கை வைச்சு மூடியிருக்கிறாய். சூளையிலை வெடிச்சு, பக்கத்திலை இருக்கிறதையும் கொண்டுபோகும்."

நாலு மாதம் சீஸ்தான் செய்தேன். பிறகு ஒருநாள் வெட்டிப் பார்த்தார், ஓட்டை இல்லை. அன்றைக்குத்தான் சக்கரத்தில் உட்கார விட்டார். சக்கரத்தில் மண்ணை நடுவுக்குக் கொண்டுவர மட்டும் இன்னுமொரு குளிர்காலம் போனது.

என்னுடைய மிகப் பெரிய சாதனை காயவைப்பதில் நடந்தது. ஈரச் சட்டிகள் ஆறைக் கொண்டுபோய் மொட்டைமாடி வெயிலில் வரிசையாக அடுக்கினேன். எங்கள் ஊர் மன்னாரில் மீனை அப்படித்தானே காயப்போடுவோம். ஆறும் வாய் பிளந்தன.

"மீன்காரா, இது கருவாடில்லை! நிழலிலை, ஈரத்துணிக்குக் கீழை, மெல்ல மெல்லக் காயவேணும்."

அன்று தொடக்கம் நான் மீன்காரன். என் சட்டிகளின் அடியில் மீன் ஒன்றைக் கீறி அடையாளம் வைக்கவும் தொடங்கினேன். அவருடைய அடையாளம் பிறை.

சூளை திறக்கும் நாளில் அவர் வேறு ஆளாகிவிடுவார். ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டுவார். மணி மாதிரி நாதம் வந்தால் தட்டுக்குப் போகும். "டொப்" என்று செத்த சத்தம் வந்தால் உள்ளே விரிசல். கண்ணுக்குத் தெரியாத விரிசலாக இருந்தாலும், "இது என்ரை இல்லை" என்று சொல்லி முற்றத்து மூலையில் போட்டு உடைப்பார். அவரே செய்ததுதான், அடியில் பிறையும் இருக்கும். ஆனாலும் அவருடையது இல்லை. பக்கத்து ஊரான பகேரியாவிலிருந்து வந்த ஒரு கலியாண வீட்டுக்காரர் காசைக் கையில் வைத்துக்கொண்டு நிற்க, அவர் கண்ணுக்கு முன்னாலேயே அவர் கேட்ட பெரிய கிண்ணத்தை சிஞ்ஞோரா உடைத்ததைப் பார்த்திருக்கிறேன். பொய் சொல்ல அவருக்கு வராது. விற்பதற்காகக்கூட வராது.

அதுதான் என் தலையில் விழுந்தது.

என் பெர்மெஸ்ஸோ, அதாவது அந்த நாட்டில் தங்கும் அனுமதி, முடிகிற நேரம். அதைப் புதுப்பிக்க வேலைக் கடிதம் வேண்டும். கடிதத்தை எழுதிய கணக்காளர் என்னை 'மட்பாண்டத் தொழிலாளி' என்று எழுதிவிட்டார். கடதாசியைத் தட்டினால் சத்தம் வராது என்பதால் சிஞ்ஞோரா எதையும் வாசிக்காமலே கையெழுத்துப் போடுவார். இதற்கும் போட்டுவிட்டார். உண்மையில் வேலை செய்கிறவனா, கடதாசியில் மட்டும் செய்கிறவனா என்று பார்க்க ஒன்பதாம் நாள் ஓர் அதிகாரி வருவதாக அறிவித்தல் வந்தது.

அறையில் என்னோடு இருந்த சவிரிமுத்து அண்ணை அதை இரண்டு தரம் வாசித்தார்.

"கடுதாசியிலை நீ குயவன். அவங்கள் வந்து உன்னை விளக்குமாத்தோடை கண்டால், அடுத்த கிழமை பிளேன்தான்."

"சிஞ்ஞோரா சொல்லுவா, அண்ணை."

"அவவோ? கலியாணக் கிண்ணத்தையே உடைச்ச மனுசியடா அது!"

அவர் சொன்னது சரிதான். நான் கேட்டபோது சிஞ்ஞோரா கண்ணை மூடி யோசித்தார். "நீ குயவனோ எண்டு கேட்டால் ஓம் எண்டு என்னாலை சொல்லேலாது. ஒரு குடம் செய். அது சொல்லட்டும்."

செய்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு நேராக ஒன்றும் எழும்பியதில்லை. அவர் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அது பெரிய பாராட்டு. ஆனால் அந்தக் கிழமை முழுக்க மழை. ஆறாம் நாளும் குடத்தைக் கன்னத்தில் வைத்தால் குளிர்ந்தது. உள்ளே ஈரம் போகவில்லை என்று அர்த்தம். ஏழாம் நாள் வெயில் எறித்தது. சிஞ்ஞோரா மண் வாங்கப் போயிருந்தார். நான் குடத்தை மொட்டைமாடிக்குக் கொண்டுபோய் இரண்டு மணித்தியாலம் வெயிலில் வைத்தேன். பயந்த மனிதன் தனக்குத் தெரிந்ததைத்தான் செய்வான்.

எட்டாம் நாள் சூளை. ஒன்பதாம் நாள் குடம் வெளியே வந்தது. வெடிக்கவில்லை. தட்டிப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

அதிகாரி வந்தார். மரியாதையான மனிதர். "சிஞ்ஞோரா, இவர் உண்மையில் மட்பாண்டம் செய்கிறவரா?"

"என்ரை வாயைக் கேளாதையுங்கோ, என்ரை காதைக் கேளுங்கோ. பத்துக் குடம் வைக்கிறன். ஒன்பது என்ரை, ஒண்டு இவன்ரை. நான் சுவரைப் பாத்துக்கொண்டு நிக்கிறன், நீங்கள் தட்டுங்கோ. இவன்ரை எதெண்டு என்னாலை பிடிக்கேலாமல் போனால் இவன் குயவன்."

தெருவில் நின்றே பிடிக்கக்கூடிய காது அது.

அதிகாரி பேனாவால் தட்டத் தொடங்கினார். டிங். "என்ரை." டிங். "என்ரை." டிங். "என்ரை. கழுத்துக் கொஞ்சம் தடிப்பு." ஆறும் அப்படியே போயின. ஏழாவது என்னுடையது.

டொப்.

எனக்கே கேட்டது. வாசலில் நின்ற சவிரிமுத்து அண்ணைக்குக் கேட்டது. முற்றத்தில் படுத்திருந்த பூனையும் தலையைத் தூக்கியது.

சிஞ்ஞோரா சுவரைப் பார்த்தபடியே நின்றார். அவருடைய பின்கழுத்து சிவந்தது.

"என்ரை" என்றார்.

மிச்சம் மூன்றும் அவருடையவைதான். அதிகாரி பேனாவைச் சட்டைப்பையில் குத்தினார். "பத்தும் உங்களுடையது என்றீர்களே, சிஞ்ஞோரா. அப்ப இவருடையது எங்கே?" குடங்களைக் கவிழ்த்துப் பார்த்தார். ஒன்பதில் பிறை, ஏழாவதில் மட்டும் மீன் இருந்தது. அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "உங்களுக்கே வித்தியாசம் தெரியவில்லையென்றால் நான் என்ன எழுதுவது?" என்று சொல்லி, எழுதவேண்டியதை எழுதிவிட்டுப் போனார்.

சிஞ்ஞோரா திரும்பினார். என்னைப் பார்க்கவில்லை. குடத்தில் தண்ணீர் ஊற்றினார். பக்கவாட்டில் மயிரளவு கோடு ஒன்று ஈரமாகி, அவருடைய செருப்பில் சொட்டியது.

"வெயிலிலை வைச்சனியே, மீன்காரா?"

"ஓம், சிஞ்ஞோரா."

அவர் குடத்தைத் தூக்கினார். முற்றத்து மூலைக்குத்தான் போகிறது என்று நான் ஒதுங்கி வழிவிட்டேன். அவர் தண்ணீரைக் கொட்டி, துணியால் துடைத்து, தன்னுடைய பானைகள் இருக்கும் மேல்தட்டில் நடுவில் வைத்தார்.

இரண்டு வருடம் கழித்துக் கால் சும்மா இராமல் நான் வேறு ஊருக்குக் கிளம்பிய நாளிலும் அது அங்கேதான் இருந்தது. பட்டறைக்கு வருகிறவர்கள் எதை வேண்டுமானாலும் தட்டிப் பார்க்கலாம். அந்த ஒரு குடத்தை மட்டும் அவர் யாரையும் தட்ட விடுவதில்லை.