தாழ்ப்பாள் பாகவதர்

பாட்டுக் கேட்க வந்தவர்களைக் கைதிகளாக்கிய வித்வான் இந்தப் பூமியில் ஒருவர்தான். அவர் எங்கள் இராமநாதபுரம் தாழ்ப்பாள் பாகவதர். சுதந்திரம் வந்த புதிதில் உப்பு இலாகாவில் குமாஸ்தா. சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் உத்தியோகஸ்தர் கிளப்பில் ஆர்மோனியத்தோடு வந்து உட்காருவார். பாடும்போது யாராவது எழுந்தால் போதும், ஆர்மோனியத்தை நிறுத்திவிடுவார்.

"ஏன் எந்திரிச்சிட்டீக? சுருதி சேரலையா?"

எழுந்தவர் திரும்பி வந்து சமாதானம் சொல்லும்வரை பாட்டு நகராது. கடைசியில் கதவைத் தாழ்போட்டுவிட்டே பாட ஆரம்பித்தார். அவருக்குப் பயந்து தாசில்தாரே தும்மலை விழுங்குவார்.

அந்தச் சனிக்கிழமை எனக்குப் பாட்டில் மனம் ஒட்டவில்லை. மனைவிக்குத் தலைப்பிரசவம், நிறைமாதம். நான் நம்பியிருந்த டாக்டரும் கிளப் மெம்பர்தான். அவரைக் கண்பார்வையை விட்டு விலக விடக்கூடாது என்று ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் கொட்டாவி விட்டால்கூட, கிளம்பிவிடுவாரோ என்று நாற்காலியை இன்னும் நெருக்கிப் போட்டேன்.

பாகவதர் உச்சத்தில் நின்றபோது ஜன்னல் கம்பிக்கு வெளியே பக்கத்து வீட்டு ஜவுளிக்கடை பாயின் முகம் தெரிந்தது.

"தம்பி, வீட்ல வலி கண்டுருச்சு! டாக்டரக் கூட்டிக்கிட்டு வெரசா வாங்க!"

துள்ளி எழுந்தேன். "ஏன் எந்திரிச்சிட்டீக?" என்று ஆரம்பித்த பாகவதர், பாய் சொன்னது புரிந்ததும் வெளிறிப்போய்க் கதவுக்கு ஓடினார். உப்புக்காற்றில் துருவேறிய தாழ்ப்பாள் அசையவில்லை. நான் இழுத்தேன். தாசில்தார் இழுத்தார். டாக்டர் பையைக் கீழே வைத்துவிட்டு இழுத்தார். ஜன்னல் வழியே போகலாம் என்றால் எல்லாவற்றிலும் கம்பி.

"தள்ளுங்க எல்லாரும்!"

பாகவதர் ஆர்மோனியத்தைத் தூக்கித் தாழ்ப்பாள்மேல் ஓங்கி ஓங்கி அடித்தார். தாழ்ப்பாள் பெயர்ந்தது. ஸரிகமபதநி தரையெல்லாம் சிதறியது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஏலே, வண்டிய நிறுத்துலே!" என்று தெருவில் பாய்ந்து ஒரு குதிரைவண்டியை மறித்தார். டாக்டரை ஏற்றினார். செருப்பைத் தேடிக்கொண்டிருந்த என்னையும் அள்ளிப் போட்டார். தமக்கு இடமில்லாததால் வண்டிக்குப் பின்னாலேயே ஓடிவந்தார்.

வீடு வந்ததும் டாக்டர் உள்ளே போனார். வாசலில் நாங்கள் இருவரும் நின்றோம்.

"பாழாப்போன எம் பாட்டாலதான் தாமசமாயிருச்சு. அந்தப் பிள்ளைக்கு ஒண்ணும் ஆயிரக்கூடாது, சார்."

இதையே சொல்லிச் சொல்லி வாசலுக்கும் தெருமுனைக்குமாக நடந்தார். உள்ளே மனைவி வலியில் கத்தும்போதெல்லாம் என் கையை நசுக்கினார். தகப்பனாகப் போகிற நான் அவருக்கு ஆறுதல் சொல்ல வேண்டியதாயிற்று.

நடுச்சாமத்தில் குழந்தையின் அழுகுரல் கேட்டது. டாக்டர் எட்டிப் பார்த்தார்.

"பொம்பளப் பிள்ள. ரெண்டு பேரும் சௌக்கியம்."

நான் வாய் திறக்குமுன் பாகவதர் படியில் உட்கார்ந்து, துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார். பெற்றவன் நான் அதற்கப்புறம்தான் அழுதேன்.