மேம்பாலத்து வெளிச்சமும் மாப்பிள்ளையின் நான்கு வியாழக்கிழமைகளும்

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நானும் என் மனைவியும் சுகம். அங்கே தாங்களும் சம்பந்தி அம்மாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என் மகளும் சுகம்தான். ஆனால் அவள் சுகமாக இருக்க வேண்டிய வீடு இதுவல்ல என்பதால்தான் இந்தக் கடிதம். மூன்று தெரு தள்ளி இருப்பவருக்குக் கடிதம் எதற்கு என்று நீங்கள் நினைக்கலாம். போனில் பேசினால் மகள் பக்கத்து அறையிலிருந்து கேட்கிறாள். நேரில் வந்தால் சம்பந்தி அம்மா கேட்பார். தவிர, முப்பத்தோரு வருடம் வாகன இன்சூரன்ஸ் சர்வேயராக இருந்தவன் நான். எழுத்தில் இல்லாத எதையும் நடந்ததாக ஒப்புக்கொண்டு எனக்குப் பழக்கமில்லை.

என் வேலை எப்படிப்பட்டது என்று தங்களுக்குத் தெரியும். கார் நொறுங்கியதற்கு ஆளாளுக்கு ஒரு கதை எழுதிக் கொடுப்பார்கள். அதில் எது பொய் என்று கண்டுபிடித்துக் கையெழுத்துப் போடுவது என் பொறுப்பு. "மாடு குறுக்கே வந்தது" என்று எழுதியவரிடம் மாட்டின் நிறம் கேட்டிருக்கிறேன். மரம் தானாகச் சாய்ந்தது என்றவரை அந்த மரத்தடிக்கே அழைத்துப் போயிருக்கிறேன். இப்படிப்பட்டவன் வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தவர், "ஒரு வெளிச்சம் வந்து காரை நிறுத்திடுச்சு" என்று நான்கு வியாழக்கிழமை தொடர்ந்து தாமதமாக வீடு திரும்பினால் அந்த மகள் என்ன செய்வாள்? பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டாள். வாசலில் நின்றபடியே, "அப்பா, அது யார் வீட்டு வெளிச்சம்னு எனக்குத் தெரியணும். தெரியற வரைக்கும் நான் அங்க போகமாட்டேன்" என்றாள். இது நடந்து பதினாறு நாள் ஆகிறது.

வந்தவளுக்கு என் அறையைக் கொடுத்தோம். என் பழைய கோப்புகள் குளியலறைப் பரண் மேல் ஏறின. நான் கூடத்தில் குளிர்சாதனப் பெட்டிக்குப் பக்கத்தில் படுக்கிறேன். அது இருபது நிமிடத்துக்கு ஒருமுறை பெருமூச்சு விடுகிறது, மகளும் விடுகிறாள், இரண்டுக்கும் நடுவில் எனக்குத் தூக்கம் எங்கே வரும். ஆனால் அதையெல்லாம் விடுங்கள். அவள் சாப்பிடும்போது தட்டைப் பார்த்தே சாப்பிடுகிறாள். சின்ன வயதிலிருந்து வாய் ஓயாமல் பேசிக்கொண்டே சாப்பிட்ட பெண். எனக்கு அதுதான் தாங்கவில்லை. அதனால்தான் இந்த விசாரணையை நானே கையில் எடுத்தேன்.

முதலில் எனக்கு ஆச்சரியமாக இருந்த விஷயம், இப்படிச் சொல்வது மாப்பிள்ளை மட்டும் அல்ல என்பது. எங்கள் குடியிருப்பில் ஆறு பேர் அதையே சொல்கிறார்கள். பல் டாக்டர், மருந்துக்கடைக்காரர், கணக்கு வாத்தியார், இன்னும் மூவர். புறவழிச் சாலையில் பாதியில் நின்றுபோன மேம்பாலம் இருக்கிறதல்லவா, அதன் அருகில் வரும்போது ஆகாயத்தில் ஒரு வெளிச்சம் தோன்றுகிறது, கண் கூசுகிறது, கார் அணைந்துவிடுகிறது. வெளிச்சம் போனதும் கார் தானாகக் கிளம்புகிறது. ஆறு பேரையும் தனித்தனியாக உட்காரவைத்து என் பழைய படிவத்தில் எழுதி வாங்கினேன். பல் டாக்டர், "சார், அது மூணு தடவை குதிச்சுது. அப்புறம் அப்படியே செத்துப்போச்சு. மறுபடி உயிர் வந்து மறுபடி குதிச்சுது" என்றார். கணக்கு வாத்தியார் அது வேற்றுக் கிரகத்திலிருந்து வந்தது என்றும், வேகம் மணிக்கு ஏழு கிலோமீட்டர் என்றும் கணக்குப் போட்டுக் காட்டினார். அவ்வளவு தூரத்திலிருந்து அந்த வேகத்தில் வந்தால் எப்போது கிளம்பியிருக்கும் என்று கேட்டேன். அதிலிருந்து அவர் என்னோடு பேசுவதில்லை.

போன வியாழக்கிழமை நானே நேரில் போனேன். இரவு எட்டு மணி. மடக்கு நாற்காலி, அளவு நாடா, டார்ச், முழங்காலுக்குத் தைலம் எல்லாம் எடுத்துக்கொண்டேன். விபத்து நடந்த இடத்தில் போட்டுக்கொள்ள அலுவலகத்தில் கொடுத்த மின்னும் மேல்சட்டையையும், பாதுகாப்புதானே என்று மாட்டிக்கொண்டு பாலத்தடியில் உட்கார்ந்தேன். அங்கேதான் வினை ஆரம்பித்தது. அந்தப் பக்கம் வந்த பால் வண்டியின் வெளிச்சம் என் மேல் பட்டிருக்கிறது. நான் கறுப்புக் கால்சட்டை போட்டிருந்தேன், தலையில் கறுப்புக் குல்லாய் வேறு. ஆக, தலையும் காலும் இல்லாமல் நாற்காலி உயரத்தில் ஒரு மார்பு மட்டும் பளபளவென்று உட்கார்ந்திருப்பதைப் பால் வண்டிக்காரர் பார்த்திருக்கிறார். மறுநாள் பாலோடு அந்தச் செய்தியும் வீடு வீடாகப் போயிற்று. என் மனைவி பாத்திரத்தை வாங்கிக்கொண்டு உள்ளே வந்து, "என்னங்க, வெளிச்சத்துல இருந்து ஒரு ஆள் இறங்கிட்டானாம். அவன் உங்க சட்டையைத்தான் போட்டிருக்கான்" என்றாள்.

அதற்கு முன்னால் நடந்ததைச் சொல்கிறேன். எட்டரை மணிக்கு அந்த வெளிச்சத்தை நான் கண்ணால் பார்த்தேன், சம்பந்தி. பாலத்தின் மேலேதான். மூன்று முறை குதித்தது. செத்தது. மறுபடி உயிர் வந்தது. எனக்கு வியர்த்துவிட்டது, பொய் சொல்வானேன். தகர டிரம்முக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அந்த நேரம் பார்த்துப் பல் டாக்டரின் கார் வந்தது. வெளிச்சம் அதன் முகத்தில் அடித்தது, கார் இருமிவிட்டு நின்றது. சாட்சியை உடனே விசாரிக்க வேண்டும் என்பது தொழில் விதி. நான் காரை நோக்கி ஓடினேன். மேல்சட்டையைக் கழற்ற மறந்துவிட்டேன். கண்ணாடியைத் தட்டியபோது அவர் கதவுகளைப் பூட்டிக்கொண்டு, "என்கிட்ட ஒண்ணும் இல்ல, நான் வெறும் பல் டாக்டர்" என்று கத்தினார். பிறகு என் முகத்தை நன்றாகப் பார்ப்பதற்காக, தலைக்கு மேல் வெயிலுக்காக இறக்கிவிடும் அந்தச் சின்னத் தட்டியை மேலே மடக்கினார். மடக்கிச் சாவியைத் திருப்பியதும் கார் உயிர் பெற்று என் நாற்காலியின் மேல் ஏறிப் போய்விட்டது.

நாற்காலி போனாலும் வழக்கு முடிந்தது. தட்டியை இறக்கினால் கார் நிற்கிறது, மடக்கினால் கிளம்புகிறது. ஏன் என்று எனக்கு அந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது. தெரிந்ததும் இன்னும் கொஞ்சம் வியர்த்தது.

ஒன்றரை வருடத்துக்கு முன் எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் "கார் திருட்டைத் தடுப்பது எப்படி" என்று ஐம்பது நிமிடம் ஒருவர் பேசினார். ஓட்டுநர் தட்டிக்குப் பின்னால் ஒரு ரகசிய விசையை வைத்துவிடுங்கள், நிறுத்தும்போது தட்டியை இறக்கிவிட்டால் திருடன் என்ன முயன்றாலும் கார் கிளம்பாது, இதை மனைவியிடம்கூடச் சொல்லாதீர்கள் என்றார். பேசியவர் நான்தான். முனையில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் ஆறு கார்களில் அதைப் பொருத்தினார். பகலில் தட்டி தேவைப்படக் கூடாது என்பதற்காகக் கண்ணாடியின் மேல்பகுதியில் அகலமாக ஒரு கறுப்புப் பட்டையும் ஒட்டிக் கொடுத்தார். ஒரு வாரம் எல்லோரும் ஒழுங்காகப் பயன்படுத்தினார்கள். பிறகு, நான் சொன்னபடியே யாரிடமும் சொல்லாமல் இருந்து, கடைசியில் அவர்களே மறந்துபோனார்கள். இப்போது ராத்திரியில் திடீரென்று கண் கூசினால் கை தானாகத் தட்டிக்குப் போகிறது, கார் நிற்கிறது. நேற்று ஆறு கார்களையும் பார்த்தேன். ஆறிலும் கறுப்புப் பட்டை, ஆறிலும் விசை. மெக்கானிக் ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருக்கிறார். "இது எதுக்கு, இவ்வளவு நாளா என்கிட்ட ஏன் சொல்லல" என்று கேட்கும் ஆறு பெண்மணிகளும் என் வீட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்கிறார்கள்.

மேலே தெரியும் வெளிச்சம் எதனுடையது என்று கேட்பீர்கள். பாலத்தின் மேல் ஏறிப் பார்க்க என் முழங்காலுக்கு இருபது நிமிடம் ஆயிற்று. அதற்குள் அது போய்விட்டது. மேலே கிடந்தது ஒரு பழுப்பு நிற மூக்குக்கண்ணாடிக் கூடு மட்டும். மூடி நிற்காததால் ரப்பர் வளையம் போட்டு வைத்திருந்தது. வழக்குக்குச் சம்பந்தமில்லாத பொருள் என்று குறித்துக்கொண்டேன். பாலம் கட்டுகிறவர்கள் ஏதாவது விளக்கைச் சோதித்திருப்பார்கள். கார் ஏன் நின்றது என்பதுதான் சர்வேயரின் கேள்வி, ஆகாயத்தில் என்ன இருக்கிறது என்பது அல்ல.

மாப்பிள்ளையின் காரை நான் சோதிக்கவில்லை. ஆறு காரில் இருப்பது ஏழாவதிலும் இருக்கும். சொந்த மாப்பிள்ளையின் காரைக் குனிந்து பார்ப்பது மரியாதையும் இல்லை. மகளைக் கூப்பிட்டு அறிக்கையைப் படித்துக் காட்டினேன். கடைசிப் பக்கம் வரும்போது தட்டிலிருந்து தலையைத் தூக்கினாள். "அப்ப அவர் சொன்னது நெசம்தானாப்பா?" என்றாள். "எழுத்துல இருக்கும்மா" என்றேன். எழுந்து போய்ப் பெட்டியை இறக்கினாள். அவள் அப்பாவின் வாயால் வந்த வம்பு அவள் வாழ்க்கையில் போய் விழுந்ததே என்று எனக்கு வெட்கமாக இருந்தது. ஆகவே தாங்கள் தங்கள் மகனிடம் சொல்லி, அவளை அழைத்துப் போக இன்று மாலையே வரச் சொல்லும்படி கேட்டுக்கொள்கிறேன். நானும் ஒரு வார்த்தை போனில் சொல்லிவிடுகிறேன். அவரைச் சந்தேகப்பட்டதற்கு என் குடும்பத்தின் சார்பில் மன்னிப்பு.

சம்பந்தி அம்மாவுக்கு எங்கள் இருவரின் அன்பு. தங்கள் வீட்டில் எல்லோரும் நீண்ட ஆயுளோடும் குறையாத ஆரோக்கியத்தோடும், வெளிச்சத்துக்கு அஞ்சாத கண்களோடும் இருக்க வேண்டும்.

இப்படிக்குத் தங்கள் நலம் விரும்பும்,
சம்பந்தி (ஓய்வுபெற்ற வாகன சர்வேயர்)

பின்குறிப்பு: மேலே உள்ளதை எழுதி முடித்து, என் மனைவி படித்துச் சரி என்று சொன்ன பிறகு மாப்பிள்ளை வந்தார். மகள் புடவை மடிக்கும் நேரத்தில், பழக்கதோஷம், கீழே போய் அவர் காரைப் பார்த்தேன். கறுப்புப் பட்டை இல்லை. தட்டியை இறக்கினேன், விசையும் இல்லை. திரும்பினால் மாப்பிள்ளை நிற்கிறார். "மாமா, கொஞ்சம் மெதுவா பேசுங்க" என்றார். நான் இன்னும் வாயே திறக்கவில்லை.

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். "அப்பாவுக்குக் கிளட்ச் காலும் பிரேக் காலும் இன்னும் ஒத்துப்போகல மாமா. மூணு குதி குதிச்சு நின்னுடுது. கண்ணு தெரியலைன்னு முழு வெளிச்சத்தையும் போட்டுட்டுத்தான் ஓட்டுவேங்கறார். யாரும் வராத இடம்னுதான் பாலத்து மேல கூட்டிட்டுப் போனேன்." பல் டாக்டர் வெளிச்சத்தைப் பற்றி ஊரெல்லாம் சொன்னதும், மாப்பிள்ளையும் தன் தாமதத்துக்கு அதையே காரணமாகச் சொல்லிவிட்டாராம். "உங்களுக்குச் சைக்கிளே ஒழுங்கா ஓட்ட வராது" என்று சம்பந்தி அம்மா நாற்பது வருடமாகச் சொல்வதையும், ஒரு நாள் அவரை முன் சீட்டில் உட்காரவைத்து நீங்களே ஓட்டிப் போக வேண்டும் என்று அறுபத்தேழு வயதில் மகனிடம் கெஞ்சியதையும், யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியதையும் சொன்னார். சத்தியத்தைக் காப்பாற்றப் பெண்டாட்டியையே விட்டுக்கொடுத்திருக்கிறார். இப்படி ஒரு மகன் உங்களுக்கு.

மேலே போனேன். முப்பத்தோரு வருடத்தில் பொய் என்று தெரிந்த ஒரு அறிக்கையில் நான் கையெழுத்துப் போட்டதில்லை. இன்று போட்டேன். மகள் சிரித்துக்கொண்டே காரில் ஏறினாள். நீங்கள் சம்பந்தி அம்மாவை உட்காரவைத்து ஓட்டும் அன்று அவளிடம் உண்மையைச் சொல்லிவிடுவதாக மாப்பிள்ளை ஒப்புக்கொண்டிருக்கிறார். அதுவரை இந்தப் பின்குறிப்பைக் கிழித்துவிட்டு மேல் பகுதியை மட்டும் வீட்டில் படித்துக் காட்டுங்கள். பாலத்தின் மேல் கிடந்த உங்கள் மூக்குக்கண்ணாடிக் கூட்டை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். ரப்பர் வளையம் புதிதாகப் போட்டிருக்கிறேன்.

இன்னொன்று. ஆயிரக்கணக்கான கார்களை உள்ளும் புறமும் பார்த்தவன் நான். எனக்கும் கார் ஓட்டத் தெரியாது. இதை இதுவரை யாரிடமும் எழுத்தில் கொடுத்ததில்லை. வரும் வியாழன் எட்டு மணிக்குப் பாலத்தின் மேல் காத்திருப்பேன். உங்களுக்கு அடுத்து எனக்கும் ஒரு முறை கொடுங்கள். அடையாளம் தெரிய அந்த மின்னும் சட்டையைப் போட்டுக்கொள்கிறேன். என்னைப் பார்த்ததும் தயவுசெய்து பிரேக்கை மிதியுங்கள், அது நடுவில் இருப்பது.